நல்ல பிலிப்பைன் உண்டிச்சாலையைக் காணுமாறு

நியூயார்க்கு மாநகரில் உண்ணக் கிடையாத உணவு உலகில் வேறெங்கும் கிடையாது என்பது அந்நகரத்தார் வழக்கமாகச் சொல்லிக்கொள்ளும் பெருமை. அது பெரும்பாலும் உண்மையே. ஆயினும் அந்நகரிற் பல்லாண்டு வாழ்ந்து, இத்தாலியர் உணவையும் சீனர் உணவையும் ஐயமற அறிந்த ஒருவரை நிறுத்தி, "இங்கு நல்ல பிலிப்பைன் உணவு எங்கே கிடைக்கும்?" என்று வினவிப் பாருங்கள். அவர் சிறிது தயங்குவார். பின்னர்ப் பத்திரிகைகள் புகழ்ந்த ஏதோ ஒரு கடையின் பெயரைச் சொல்லுவார். அன்றித் தாம் அவ்வுணவை உண்டதே இல்லை என்பார். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பிலிப்பைன் வழிவந்தோர் 40 லட்சத்துக்கு மேற்பட்டோர் உளர். அத்துணைப் பெருந்தொகையினரின் சமையல் அயலாரால் இத்துணைக் குறைவாக அறியப்பட்டிருத்தல் வியப்பன்றோ? குறை அச்சமையலில் இல்லை; அதனைத் தேடுவார் மேற்கொள்ளும் நெறியிலேயே உளது என்பது நமது அபிப்பிராயம்.

இம்மயக்கம் நேற்றுத் தோன்றியதன்று. முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஸ்பானியர் ஆண்ட அத்தீவுகளை, 1898-ஆம் ஆண்டு டிசம்பரிற் பாரிசு நகரிற் செய்துகொண்ட உடன்படிக்கையால், 2 கோடி டாலர் கொடுத்து அமெரிக்கர் பெற்றனர். ஆறாண்டு கழித்து, 1904-இல் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த உலகப் பொருட்காட்சியில், ஆயிரத்துக்கு மேற்பட்ட பிலிப்பைன் மக்களைக் கொணர்ந்து, குடில்கள் அமைத்து, காட்சிப்பொருள்களாக நிறுத்தினர். அவருள் இகரோத்து என்னும் மலைவாழ் மக்களுக்குச் சிற்சில சடங்குகளில் மட்டும் உரியதாயிருந்த நாயிறைச்சியை, கூட்டத்தை ஈர்க்கும் பொருட்டு, மீண்டும் மீண்டும் உண்ணச் செய்து வேடிக்கை காட்டினர். பிலிப்பைன் உணவைப் பற்றி அமெரிக்கப் பொதுமக்கள் பெற்ற முதற்பாடம் இதுவே. மறுபுறம் தீவுகளில், புதிய ஆட்சியார் நிறுவிய பள்ளிகளில் மனையியல் கற்ற பெண்மக்கள், கேக்கு வகைகளும் டப்பியில் அடைத்த பழமும் இறைச்சியுமே நாகரிகத்தின் அடையாளங்கள் என்று கற்றனர். தாய் வைத்த குழம்பை விருந்தினர்முன் வைக்கக் கூசும் மனநிலை இவ்வாறு வளர்ந்தது.

இதனோடு வேறொரு காரணமும் சேர்ந்தது. பிற நாடுகளிலிருந்து குடியேறினோர் பலர், வேறு தொழில் வாயாமையால், உணவுக்கடை வைத்துப் பிழைத்தனர். நியூயார்க்குக்கு வந்த பிலிப்பினோக்களோ ஆங்கிலம் கற்றவர்கள். 1948-இல் தொடங்கிய பயிற்சிப் பரிமாற்றத் திட்டத்தின் வழியும், 1965-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின் வழியும், செவிலியராகவும் மருத்துவராகவும் அவருட் பலர் வந்தனர். சம்பளம் பெறுவார்க்கு அடுப்பை நம்பிப் பிழைக்க வேண்டுவதில்லை. ஆதலின் அவர்தம் நல்ல சமையல் வீட்டு அடுக்களையிலேயே நின்றுவிட்டது. அவர்களை வினவினால், "எங்கள் உணவா? அது வீட்டிற்குத்தான் நன்றாயிருக்கும்" என்று நகைத்துக்கொண்டே விடை கூறுவதுண்டு. அந்நகையின் அடியிற் பழைய கூச்சமும் சிறிது கிடக்கின்றது போலும்.

அவ்வடுக்களை தெருவுக்கு வந்த இடம் ஒன்று உண்டு. மன்ஹாட்டனிலிருந்து கிழக்கு நோக்கிச் செல்லும் 7-ஆம் எண் ரெயில் குவீன்ஸ் பகுதியில் நிலத்தை விட்டு எழுந்து, இரும்புத் தூண்களின்மேல், ரூஸ்வெல்ட் அவென்யூ என்னும் வீதியை நிழலாக்கிக்கொண்டு ஓடும். உட்சைடு என்னும் அப்பகுதியில், ஏறத்தாழ 63-ஆம் தெரு முதல் 71-ஆம் தெரு வரை உள்ள வட்டாரத்தைச் 'சிறிய மணிலா' என்பர். விரைவு வண்டி 69-ஆம் தெருவில் நில்லாது. 61-ஆம் தெருவில் இறங்கி நடத்தலே எளிது. தலைக்குமேல் இடியோசையுடன் வண்டி செல்ல, அதன்கீழ் மளிகைக்கடைகளும், தாய்நாட்டுக்குப் பெட்டி அனுப்பும் நிலையங்களும், ரொட்டிக் கிடங்குகளும், சிறு உண்டிச்சாலைகளும் நெருங்கியிருக்கும். அழகிய வீதி என்று சொல்வதற்கில்லை.

இவ்வட்டாரத்தார் யார் என்பதை 2020-ஆம் ஆண்டு உலகுக்குக் காட்டிற்று. கொரோனாத் தொற்று நியூயார்க்கை வாட்டியபோது மிகக் கொடிய துன்பத்தைக் கண்ட மருத்துவமனைகளுள் ஒன்று இதற்கு அணித்தாயுள்ள எல்ம்ஹர்ஸ்ட் மருத்துவமனை. அமெரிக்கச் செவிலியருள் பிலிப்பினோக்கள் நூற்றுக்கு நால்வர் அளவினரே. அவ்வாண்டு செப்டம்பரில் செவிலியர் சங்கம் ஒன்று வெளியிட்ட கணக்கின்படி, அத்தொற்றால் இறந்த செவிலியருள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் அவர்களே. 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ரூஸ்வெல்ட் அவென்யூவும் 70-ஆம் தெருவும் கூடுமிடத்தில் 'சிறிய மணிலா அவென்யூ' என்னும் பெயர்ப்பலகை நாட்டப்பெற்றது. உண்டிச்சாலையைத் தேடுவார்க்கு இவ்வரலாறு எதற்கு என்று சிலர் வினவலாம். இரவுப் பணி முடித்து வருவாரின் பசியே இங்குள்ள அடுப்புகளை ஏற்றி வைத்தது என்பதை அறியாதார், இக்கடைகளின் நாற்காலியையும் விளக்கையும் பார்த்து மதிப்பிட்டுத் திரும்பிவிடுவர். அதற்காகவே இதனைக் கூறினோம்.

இனி உள்ளே செல்வோம். இக்கடைகளுட் பல 'தூரோ-தூரோ' என்னும் முறையின. தகலோகு மொழியில் 'தூரோ' என்பதற்குச் சுட்டுதல் என்பது பொருள். கண்ணாடிக்குப்பின் வரிசையாகப் பாத்திரங்கள் ஆவியிட்டுக்கொண்டிருக்கும். வருவோர் விரலாற் சுட்டிக் காட்ட, அவை சோற்றுடன் தட்டில் வந்து விழும். பெயர்ப்பட்டியலைப் படித்து மயங்க வேண்டுவதில்லை. கண்ணாற் கண்டு, மூக்கால் அறிந்து, விரலாற் கேட்டுப் பெறும் இம்முறையைக் காட்டிலும் அயலார்க்கு எளிய வாயில் வேறொன்று உண்டோ? இத்தகைய எளிய சோற்றுக்கடையைத் தாய்நாட்டிற் 'காரிந்தேரியா' என்பர். அச்சொல் நமது 'கறி' என்னும் சொல்லினின்றும் கிளைத்தது என்று சொல்லாராய்ச்சி செய்வார் கூறுவர். நமக்கு இதில் ஒரு சிறு பெருமிதம் தோன்றுவது இயல்பே.

அத்தொடர்பு சொல்லளவில் நின்றதுமன்று. 1762-ஆம் ஆண்டு ஆங்கிலேயர் மணிலாவைக் கைப்பற்றச் சென்ற கப்பற்படை நமது சென்னையிலிருந்தே புறப்பட்டது. அதிற் சிப்பாய்கள் பலர் இருந்தனர். 1764-இல் ஆங்கிலேயர் நகரை விட்டு நீங்கியபோது, அச்சிப்பாய்களிற் சிலர் திரும்பாமல் மணிலாவுக்கு அருகிலுள்ள கைந்தா என்னும் ஊர்ப்பக்கத்தில் தங்கி, அவ்வூர்ப் பெண்களை மணந்து குடியாயினர். மாட்டுவாலையும் குடலையும் நிலக்கடலை அரைத்த குழம்பில் வேகவைத்துச் செய்யும் 'காரே-காரே' என்னும் உணவு அவர்கள் தம் ஊர்க் குழம்பை நினைந்து ஆக்கியது என்பது அங்கு வழங்கும் கதை. வேறு கதைகளும் உள; அறிஞர் ஒருமுடிவாகக் கூறவில்லை. ஆனால் அவர்தம் 'அச்சாரா' என்னும் பப்பாளிக்காய் ஊறுகாயையும், 'புட்டோ' என்னும் ஆவியில் வெந்த அரிசிப் பண்டத்தையும், 'மங்கா' என்னும் பழத்தையும் பெயர் கேட்ட அளவில் நம்மவர் அடையாளம் கண்டுகொள்வர். சென்ற இடத்தில் உறவினர் ஒருவரைக் கண்டாற்போன்ற உவகை அது.

பிலிப்பைன் உணவு என்றவுடன் யாவரும் கூறுவது 'அடோபோ'. காடியும் பூண்டும் மிளகும் பிரிஞ்சி இலையும் சேர்த்துக் கோழியையோ பன்றியையோ வேகவைப்பது அது. பெயர் ஸ்பானியம், செய்கை உள்நாட்டது. 1613-ஆம் ஆண்டிலேயே பேத்ரோ தே சான் புவெனவெந்தூரா என்னும் துறவி தம் தகலோகு அகராதியில் இதனை நாட்டு மக்களின் அடோபோ என்று குறித்துப் போந்தார். ஆயினும் ஒரு கடையின் தரத்தை அறிய அடோபோவை நாம் நம்புவதில்லை. காடியும் உப்பும் எவ்வளவோ பிழைகளை மறைத்துவிடும். முதல்நாள் செய்தது மறுநாள் இன்னும் சுவைக்கும்.

உரைகல்லாவது 'சினிகாங்' என்னும் புளிச்சாறு. உணவைப் பற்றி எழுதியோருள் அந்நாட்டில் முதன்மை பெற்றவரும், மணிலாவிலுள்ள அத்தெனேயோ பல்கலைக்கழகத்தில் ஆசிரியராயிருந்தவருமான டொரீன் பெர்னாந்தஸ் அம்மையார் (1934-2002), தம் நாட்டின் சுவையை உணர்த்துவதற்கு அடோபோவினும் சினிகாங்கே தக்கது என்று வாதித்தார். அம்மையாரின் துணிபே நம் துணிபும். நம்மவர்க்கு இரசமும் புளிக்குழம்பும் நாடோறும் பழக்கமாதலின், புளிப்பைப் பற்றி நாம் அறியாதது இல்லை என்று எண்ணியிருப்போம். சினிகாங்கை ஒருமுறை உண்டால் அவ்வெண்ணம் சிறிது தளரும். அதிற் பருப்பில்லை, தாளிப்பில்லை, மஞ்சளும் மல்லியும் இல்லை. நீரில் வெங்காயமும் தக்காளியும் கொதிக்க, அதில் இறைச்சியோ இறாலோ மீனோ வெந்து, முள்ளங்கியும் கத்தரியும் வெண்டையும் காராமணிக்காயும் வள்ளைக்கீரையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சேரும். நீண்ட பச்சைமிளகாய் ஒன்று முழுதாக மிதக்கும். அது காரத்துக்கன்று, மணத்துக்கு. புளிப்பு ஓரிடத்தில் புளியங்காயால் வரும், ஓரிடத்தில் மாங்காயால், ஓரிடத்திற் பிலிம்பிக்காயால், பிறிதோரிடத்தில் பழுத்த கொய்யாவால். நம் கடற்கரையார் பால்கெண்டை என வழங்கும் மீனைக் கொய்யாவின் புளிப்பில் வேகவைத்த சாறு, புளிப்புக்கும் இனிப்புக்கும் இடையே நின்று நாவை ஐயுறச் செய்யும். மறைப்பதற்குத் திரையில்லாத இச்சாற்றில், மீன் பழையதாயின் உடனே தெரியும். கீரை மிகுதியாய் வெந்திருந்தால் உடனே தெரியும். சமைத்தவர் மனம் வேறிடத்தில் இருந்திருந்தால் அதுவுந் தெரியும்.

கடைகளிலும் வீடுகளிலும் இக்காலத்துப் பொட்டலப் பொடியிட்டுச் சினிகாங் செய்வோர் பலர். அதனைக் கண்டு முகஞ்சுளிக்க நாம் துணியோம். சாம்பாருக்குக் கடைப்பொடி வாங்குவார் நம் வீடுகளில் இல்லையா? எனினும் பொடியின் புளிப்பு நாவின் நுனியிலேயே நின்றுவிடும். காயின் புளிப்பு தொண்டைவரை செல்லும். பின்னதைக் கண்ட கடையை மறவாதிருத்தல் நலம்.

மேசையையும் நோக்குக. நல்ல கடையில் காடி, மிளகாயிட்ட காடி, 'பாத்திஸ்' என்னும் மீன்நீர், 'பாகோங்' என்னும் நொதித்த இறாற்கூழ், 'கலமான்சி' என்னும் சிறு எலுமிச்சை ஆகியன கேட்டவுடன் வரும். இவற்றைத் தொடுகறி என்னும் பொருளிற் 'சவ்சாவன்' என்பர். பிற நாட்டுச் சமையற்கலைஞர் சிலர், தாம் ஆக்கியதில் உண்போன் ஓர் உப்புக்கல்லைச் சேர்த்தாலும் சினங்கொள்வர். பிலிப்பைன் சமையற்காரரோ தம் பணியை முக்காற்பங்கு முடித்து, எஞ்சிய காற்பங்கை உண்போன் கையில் விடுகின்றார். பாகோங் இன்றிக் காரே-காரேயை முன்வைக்கும் கடை, வந்தவர் அதன் நாற்றத்துக்கு அஞ்சுவர் என்று தானே முடிவு செய்துவிட்டது. அக்கடை தன் மக்களுக்குச் சமைப்பதை நிறுத்திவிட்டது என்று கொள்க. 'தினுகுவான்' என்னும் இரத்தக் குழம்பும் அத்தகையதே. ஆட்டிரத்தப் பொரியல் அறிந்த நம் நாட்டார்க்கு அது புதுமையன்று. காடி சேர்த்துக் கருநிறமாகக் கொதிக்கும் அப்பாத்திரத்தை மறைவில் வையாது முன்வரிசையில் வைத்திருக்கும் கடைக்காரர்மேல் நமக்கு ஒரு தனி மதிப்பு உண்டு. 1904-ஆம் ஆண்டின் கூச்சம் அங்கே தீர்ந்துவிட்டது.

அத்தீவுகள் 7,600-க்கு மேற்பட்டன. அவை அனைத்துக்கும் ஒரே சமையல் என்பது, தமிழ்நாட்டாரும் வங்காளியரும் ஒரே உணவு உண்பர் என்பதனோடு ஒக்கும். பிக்கோல் நாட்டார் தேங்காய்ப்பாலும் மிளகாயும் தாராளமாகச் சேர்த்துச் சேப்பங்கிழங்கின் இலையைச் சமைப்பர். இலோக்கோசு நாட்டார் பாகோங்கிட்ட காய்கறிக் கூட்டில் வல்லவர். பம்பாங்காவார் பன்றித் தலையை நறுக்கிப் பொரித்துச் 'சிசிக்' செய்வர். பக்கோலோத் நகரத்தார் கோழியை எலுமிச்சைப்புல் மணக்கத் தணலில் வாட்டுவர். மிண்டனாவோவின் முசுலிம் மக்கள் தேங்காயைக் கருக அரைத்துக் கரிய மாட்டிறைச்சிச் சாறு வைப்பர். ஆதலின், "இங்கு எது நன்றாயிருக்கும்?" என்று கேட்பதைவிட, "சமைப்பவர் எந்த ஊரார்?" என்று கேட்பதே அறிவுடைமை. அவ்வினாவைக் கேட்ட மாத்திரத்தில் முகம் மலர்ந்து, பட்டியலில் இல்லாத ஒன்றை உள்ளிருந்து கொணர்பவரும் உளர்.

ஜாலிபீ என்னும் பெருங்கடைத்தொகுதியைப் பற்றியும் ஒரு சொல். 1970-களில் மணிலாவிற் பனிக்குழைவு விற்கும் கடையாகத் தோன்றிய அது, 2009-ஆம் ஆண்டு பிப்ரவரியில் உட்சைடில் கடை திறந்தபோது, குளிரையும் பொருட்படுத்தாது மக்கள் வரிசையில் நின்றனர். அங்கு விற்கும் இனிப்பான ஸ்பகெட்டியை உண்டு நகைக்கும் அயலார் பலர். அவ்வினிப்பின் பின்னே ஒரு வரலாறு உண்டென்பதை அவர் அறியார். மரியா ஒரோசா என்னும் அம்மையார் (1893-1945) அமெரிக்காவின் சியாட்டில் நகரில் உணவு வேதியியல் கற்று, தாய்நாடு மீண்டு, இறக்குமதிப் பொருள்களை எதிர்பாராமல் தம் மக்கள் உண்ண வேண்டும் என்று உழைத்தவர். தக்காளிச் சாந்துக்கு ஈடாக வாழைப்பழச் சாந்தை ஆக்கிய பெருமை அவருக்குரியது. 1945-ஆம் ஆண்டு பிப்ரவரியில் மணிலாப் போரிற் குண்டுச்சிதறல் பட்டு அவர் உயிர் நீத்தார். தமக்கு விளங்காத ஒன்றைக் கண்டு நகைக்குமுன், அந்தச் சிவந்த சாந்தை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம். அதற்காக அந்த ஸ்பகெட்டி நமக்குப் பிடித்திருக்கின்றது என்று நாம் சொல்லவில்லை.

மேசைவிரிப்பும் மெழுகுவத்தியும் உள்ள பிலிப்பைன் உண்டிச்சாலைகளை நாம் இகழ்கின்றோம் என்று கருதற்க. ரோமி தொரோத்தானும் ஏமி பேசாவும் 1995-இல் மன்ஹாட்டனில் திறந்து 2009 வரை நடத்திய 'சென்ட்ரில்லான்', நிக்கோல் பொன்சேக்கா 2011-இல் தொடங்கிய 'மகர்லிக்கா' ஆகியன, அயலார் கால்வைக்க அஞ்சிய வாயிலை அவர்களுக்குத் திறந்துவிட்டன. 2022-ஆம் ஆண்டு சிக்காகோ நகரின் 'கசாமா' மிச்செலின் வழிகாட்டியின் விண்மீனைப் பெற்ற முதற் பிலிப்பைன் உண்டிச்சாலையாயிற்று. இவையெல்லாம் மகிழத்தக்கன. நம் வழக்கு வேறு. விண்மீன் வந்த பிறகே அவ்வுணவு நல்லதாயிற்று என்று பேசுவாரோடுதான் நமக்கு வழக்கு. அவரே பிறிதொரு நாள் உட்சைடுக்கு வந்து, "இத்துணை மலிவாக இத்துணைச் சோறா!" என்று புகழ்வர். அப்புகழ்ச்சியும் நமக்கு உவப்பன்று. பிரெஞ்சுச் சாறு ஒரு கிண்ணத்துக்குக் கேட்ட விலையைக் கொடுப்பவர், சினிகாங்கின் விலை ஒரு டாலர் ஏறியவுடன் முணுமுணுப்பானேன்? எலும்பை வேகவைக்க ஆகும் நேரம் இரண்டு அடுக்களையிலும் ஒன்றே. நியூயார்க்கின் கடை வாடகையோ எவர்க்கும் இரங்குவதில்லை. மலிவு என்று மட்டும் புகழப்பெற்ற கடைகள், விலையேற்ற அஞ்சி, முதலில் புளியங்காயை விட்டுப் பொடிக்கு மாறும். பின்னர்ப் பால்கெண்டையைக் குறைக்கும். முடிவிற் கதவைச் சாத்தும். நல்ல கடை வாழ வேண்டுமென்று விரும்புவோர் கேட்ட விலையைக் கொடுத்து உண்ண வேண்டும். இது தருமமன்று, கொடுக்கல் வாங்கல்.

செல்லும் காலத்தைப் பற்றி ஒன்று கூறி முடிப்போம். ஞாயிற்றுக்கிழமை, கோயில் வழிபாடு முடிந்து குடும்பங்கள் பாட்டி முதற் பேரன்வரை வந்து அமரும் வேளையே தக்க வேளை. பாத்திரங்கள் அப்போதுதான் நிறைந்திருக்கும். எந்தப் பாத்திரத்தின்முன் பாட்டிமார் கூடுகின்றனரோ அதனைத் தயங்காது சுட்டலாம். உண்டபின் பனிக்கட்டித் துருவலிற் பயறும் பழமும் பாலும் ஊதாநிற வள்ளிக்கிழங்கும் கலந்த 'ஹாலோ-ஹாலோ'வுக்கு இடம் வைத்துக்கொள்ளுதல் நலம். பிற்பகல் மூன்று மணிக்குமேற் செல்வார்க்குச் சினிகாங் பாத்திரத்தில் ஒரு முள்ளங்கித் துண்டும் அந்த நீண்ட பச்சைமிளகாயுமே எஞ்சியிருக்கும்.